அருளிச்செயலும் அணியிலக்கணமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதிக்கு எழுந்தருளும்போது அவனுக்கு முன்னே திவ்யப்பிரபந்த கோஷ்டி செல்லும். பின்னே வேதபாராயண கோஷ்டி வரும். தமிழ் முன்னே நடக்க, அதன் இனிமையில் ஈடுபட்டு எம்பெருமான் அதனைத் தொடர, அவனைத் தேடிக்கொண்டு வேதம் பின்னே வருகிறது என்று பெரியோர் இதற்குச் சுவைபடப் பொருள் கூறுவர். எம்பெருமானே தொடர்ந்து செல்லும் அந்தத் தமிழுக்கு நாம் எவ்வளவு செவி கொடுக்கிறோம் என்பதை இத்திருநாளில் சற்றே சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநாள் மாலை. மதுரைக் கூடலழகர் ஸந்நிதியில் சாற்றுமுறை ஆகி, தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு அடியார்கள் கலைந்துகொண்டிருந்தனர். வில்லாபுரத்திலிருந்து நடந்தே வந்து ஸேவிக்கும் முதியவர் ஒருவர் அடியேனிடம் வந்து நின்றார். ஆலைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கல்வி. ஆயினும் கோஷ்டி தொடங்கிவிட்டால் அது முடியுமளவும் கூப்பிய கை தாழாமல் நிற்பவர்.

“சாமி, ஒரு சந்தேகம். கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்மாழ்வார் ஆண்பிள்ளைதானே? அப்புறம் ஏன் ஒரு பாட்டில் ‘என் மகள்’ என்று அழுகிறார்? இன்னொரு பாட்டில் அவரே பெண்ணாக நின்று அழுகிறார். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன். ‘அதெல்லாம் உமக்கு எதற்கு? கையைக் கூப்பிக்கொண்டு நில்லும்’ என்றார்கள். நிற்கிறேன் சாமி. ஆனால் யார் அழுகிறார்கள் என்றே தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து எப்படி அழுவது?”

அன்று நடை சாத்தும் நேரம். அடியேன் கூறிய விடை அரைகுறையாகவே முடிந்தது. அந்த அரைகுறை அன்று முதல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லாமல் விட்டதை இம்மலரில் எழுதி அவர் திருமுன் வைக்கிறேன்.

இலக்கியச் சொற்கள் என்றவுடன் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட நினைவே வரும். உவமை, உருவகம், அந்தாதி, தூது, மடல் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோனவை அல்லவா அவை! ஆனால் நம் ஸம்பிரதாயம் அவற்றை அப்படி ஒதுக்கியதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், ‘மாறனலங்காரம்’ என்று ஓர் அணியிலக்கண நூலையே இயற்றினார். மாறன் என்பது நம்மாழ்வாரின் திருநாமம். முந்தைய நூலாகிய தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று வகுத்திருக்க, கவிராயர் அவற்றை 64 ஆக விரித்தார். எடுத்துக்காட்டுச் செய்யுட்களிலெல்லாம் ஆழ்வாரின் பெருமையையும் எம்பெருமானின் குணங்களையும் நிறைத்தார். அந்நூலுக்குத் தென்திருப்பேரைக் காரி இரத்தினக் கவிராயர் உரை கண்டார். ஓர் அணியைக் கற்க நூலை விரிக்கும் மாணவன், தான் அறியாமலே ஆழ்வார் திருவடியில் ஒருமுறை விழுந்து எழுகிறான். இலக்கணப் பாடத்தையும் கைங்கர்யமாக்கிய பெருமான் அவர்!

‘பக்தி இருந்தால் போதாதா, இந்தப் பெயர்களெல்லாம் எதற்கு?’ என்று கேட்பாருக்கு நம் வைகையையே காட்டலாம். கரை எங்கே இருக்கிறது என்று அறிந்தவனுக்குத்தான் வெள்ளம் எவ்வளவு வந்திருக்கிறது என்பது தெரியும். துறை, மரபு, அணி என்பன தமிழ்ப் புலவர்கள் எழுப்பிய கரைகள். ஆழ்வார்களின் பக்தி அவற்றினுள் அடங்கியும் ஓடும். சிற்சில இடங்களில் கரை புரண்டும் பாயும். கரையை அறியாதவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

முதலில் முதியவரின் கேள்விக்கே வருவோம்.

சங்கத் தமிழில் அகப்பாட்டுக்கு ஒரு மரபு உண்டு. அங்கே புலவர் தம் பெயரில் தாமே பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, தாய் என்று எவரேனும் ஒருவர் பேசுவதாகவே பாட்டு அமையும். இதற்குக் ‘கூற்று’ என்று பெயர். யார் யார், எந்தெந்த வேளையில், என்னென்ன பேசலாம் என்பதையும் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. ஆகவே அகப்பாட்டு ஒன்றைக் கேட்டதும் எழ வேண்டிய முதற்கேள்வி ‘பேசுகிறவர் யார்?’ என்பதே. கல்வி குறைந்தவராகத் தம்மை நினைத்துக்கொண்ட அந்த முதியவர், தமிழ் இலக்கணம் கேட்கச் சொல்லும் முதற்கேள்வியைத்தான் கேட்டார்!

திருவாய்மொழியில் பதிகங்கள் 100. அவற்றுள் 27 பதிகங்கள் பெண்மொழியாக அமைந்தவை. மகள் பேசுவன 17, தாய் பேசுவன 7, தோழி பேசுவன 3. மற்றவற்றில் ஆழ்வார் தாமான தன்மையில் நின்று பேசுகிறார். இம்மூவரையும் வெறும் நாடக மாந்தராக விட்டுவிடவில்லை நம் ஆசார்யர்கள். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிய ஆசார்யஹ்ருதயம் இதன் உட்கிடையைத் திறந்து காட்டுகிறது. எம்பெருமானுக்கும் நமக்கும் உள்ள உறவை உணர்ந்து, ‘நீ அவனுக்கு உரியவள்’ என்று எடுத்துச் சொல்லும் நிலை தோழி. அவனே வழி என்று துணிந்து, அவன் தானே வருமளவும் படி கடவாமல் இரு என்று தடுக்கும் நிலை தாய். அவ்வளவு பொறுக்கமாட்டாமல், இப்போதே அவனை அடைய வேண்டுமென்று பதறும் நிலை மகள். உணர்வு, துணிவு, பதற்றம் என்ற மூன்றும் ஆழ்வார் ஒருவரின் திருவுள்ளத்திலேயே நிகழ்கின்றன.

கூடலழகரை ஸேவிப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. அஷ்டாங்க விமானத்தின் கீழ்நிலையில் எம்பெருமான் அமர்ந்திருக்கிறான், படியேறினால் நின்றிருக்கிறான், மேலும் ஏறினால் சயனித்திருக்கிறான். மூன்று பெருமாள் என்றா சொல்கிறோம்? ஒருவனே மூன்று நிலைகளில் காட்சி தருகிறான் என்கிறோம். பாடுகிறவரும் அப்படியே ஒருவர்தாம், நிலை மூன்று.

நான்காம் பத்தில் ஒரு தாய் பேசுகிறாள். அவள் மகள் மண்ணைத் துழாவி, இது வாமனன் அளந்த மண் என்கிறாள். வானத்தைக் காட்டி, அவன் வாழும் வைகுந்தம் என்கிறாள். கருமேகத்தைக் கண்டு கண்ணன் என்று துள்ளுகிறாள். நெருப்பைத் தழுவி அச்சுதன் என்கிறாள், மேனியும் வேகவில்லை. என் பெண்ணுக்கு என்ன நேர்ந்ததோ என்று தாய் கலங்குகிறாள். அணிநூலார் கணக்கில் இது மயக்கம். ஒப்புமையால் ஒரு பொருளை வேறொரு பொருளாகவே கருதிவிடுவது. ஆனால் மண்ணும் விண்ணும் நெருப்பும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பதன்றோ ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தம்? அவ்வாறாயின் மகள் பிழையாக எதைச் சொன்னாள்? மயக்கம் என்பது தாயின் சொல். மகளிடம் இருப்பதோ தெளிவின் உச்சம். பேசுகிறவள் தாய் என்பதை மறந்தால் இவ்வின்பம் நமக்குக் கிட்டாது.

இன்னொரு பதிகத்தில் தோழி பேசுகிறாள். தலைவி மெலிந்தால், இது தெய்வத்தால் வந்த நோய் என்று எண்ணித் தாய்மார் வெறியாட்டு எடுப்பதும், நோயின் காரணம் காதல் என்று அறிந்த தோழி அதனைத் தடுப்பதும் சங்கப் பாட்டில் பழகிய துறை. ‘வெறிவிலக்கு’ என்பது அதன் பெயர். நம்மாழ்வார் அத்துறையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் படைத்த தோழி தடுப்பதற்குக் காரணம் வேறு. மற்றொரு தெய்வத்தை அழைத்துத் தீர்க்கும் நோய் இதுவன்று. மாயவனின் அடியார் திருவடித்தூளை இவள்மேல் இடுங்கள், அதுவே மருந்து என்கிறாள். பழைய துறையினுள் பாகவத சேஷத்வம் என்னும் பெரும்பொருள் வந்து குடியேறிவிட்டது! துறையின் பெயரை அறியாதவர்க்கு இது யாரோ ஒருத்தி செய்யும் வாக்குவாதமாகவே காதில் விழும்.

முதியவருக்கு உரிய விடை இவ்வளவே. ஆயினும் இந்தச் சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நாலாயிரமும் நமக்குக் கிடைத்த வரலாற்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

முன் செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கமாக வருவது அந்தாதி. முதலாழ்வார் மூவரும் அருளியவை நூறு நூறு பாட்டான அந்தாதிகள். திருவாய்மொழியோ முழுவதுமே ஓர் அந்தாதி. 100 பதிகங்களில் 99 பதிகங்களுக்குப் பதினொரு பாட்டு, கேசவன் முதலான பன்னிரு நாமங்களைப் பாடும் ஒரு பதிகத்துக்கு மட்டும் 13 பாட்டு, ஆக 1102. இத்தனையும் ஒரே சங்கிலி. உயர்வு என்னும் சொல்லடியில் தொடங்கிய முதற்பாட்டை, கடைசிப் பாட்டின் முடிவு மீண்டும் வந்து பற்றிக்கொள்கிறது. அக்காலத்தில் நூல் என்பது பனையோலை. கயிறு அறுந்தால் ஏடு கலைந்துவிடும்; வாயால் ஓதி வந்தாலும் ஒரு பாட்டு நழுவிவிடக்கூடும். அந்தாதியில் நழுவினால் உடனே தெரிந்துவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் கை தடவும்போதே தட்டுப்படுவதைப் போல. ஆகவே அதனைச் சொல் விளையாட்டு என்று மட்டும் எண்ணுவது தகாது. பூட்டும் அதுவே, காவலும் அதுவே.

பதிகத்தின் இறுதியில் வரும் நிகமனப் பாசுரமும் அத்தகையது. பாடியவர் பெயர், ஊர், பாட்டின் தொகை, ஓதுவார் பெறும் பேறு ஆகியவை அதில் அமையும். கோஷ்டியில் பலரும் அதை ‘முடிவுப் பாட்டு’ என்று எண்ணிக்கொண்டு, பிரஸாதத்தின் பக்கம் பார்வையைத் திருப்பும் நேரம் அதுதான்! ஆனால் குருபரம்பரை நூல்கள் கூறுவதைக் கேளுங்கள். ஆழ்வார்களின் பாசுரங்கள் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தன. காட்டுமன்னார் ஸந்நிதிக்கு வந்த யாத்ரிகர் சிலர், திருக்குடந்தை எம்பெருமான்மேல் நம்மாழ்வார் பாடிய ஒரு பதிகத்தை அங்கே ஓதினர். ஸ்ரீமந்நாதமுநிகள் உருகிக் கேட்டார். எல்லோரும் உருகியிருப்பர். ஆனால் அவர் நிகமனப் பாசுரத்தையும் கேட்டார். குருகூர்ச் சடகோபன் செய்த ஆயிரம் பாட்டுகளுள் இவை பத்து என்ற கணக்கு அதில் இருந்தது. ‘அந்த ஆயிரமும் உங்களுக்கு வருமோ?’ என்று வினவினார். அவர்களுக்கு அந்தப் பதிகம் மட்டுமே தெரியும்.

பத்து இங்கே இருக்கிறது. ஆயிரம் எங்கோ இருக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு அவர் திருக்குருகூர் சென்றார். மதுரகவியாழ்வார் பரம்பரையில் வந்த பராங்குசதாஸர் வழியாகக் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு ஓதினார். நம்மாழ்வார் அவருக்குக் காட்சி தந்து, நாலாயிரத்தையும் அருளினார் என்பது வரலாறு. பிறகு நாதமுநிகள் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு அதனை இசையுடன் பரப்பினார். ஒரு நிகமனப் பாசுரத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாதமுநிகளும் அன்று பிரஸாதத்துக்குத் திரும்பியிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. இன்று திருவீதியில் எம்பெருமானுக்கு முன்னே எது நடந்துகொண்டிருக்கும்?

இனிக் கரை புரண்ட இடங்கள் இரண்டைக் காண்போம். ஒன்று நம் மதுரையிலேயே நிகழ்ந்தது.

‘புறநிலை வாழ்த்து’ என்று தொல்காப்பியம் கூறும் ஒரு வகை உண்டு. நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்க, நீ வாழ்வாயாக என்று புலவர் தலைவனை வாழ்த்துவது. காப்பது தெய்வம், காக்கப்படுவது மனிதன். இதுவே உலகமெங்கும் உள்ள முறை. வல்லபதேவ பாண்டியனின் அவையில், செல்வநம்பி அழைத்துவர, பரதத்துவம் இன்னதென்று நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார் பெரியாழ்வார். பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். தம் பிள்ளை பெற்ற சிறப்பைக் காண வரும் தாய்தந்தையரைப் போல, எம்பெருமான் பிராட்டியுடன் கருடன்மேல் வந்து வானில் தோன்றினான். ஆழ்வார் என்ன செய்திருக்க வேண்டும்? ‘என்னைக் காத்தருள்’ என்று வேண்டியிருக்கலாம். அவரோ, இந்த அழகு கலி நிறைந்த இவ்வுலகில் எல்லார் கண்ணிலும் படுகிறதே, இதற்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடினார்.

புறநிலை வாழ்த்து தலைகீழாகிவிட்டது. மனிதன் தெய்வத்துக்குக் காப்பிடுகிறான்! பிற்காலப் பிள்ளைத்தமிழில் முதற்பருவமாக வரும் காப்பு, குழந்தையைக் காக்குமாறு தெய்வத்தை வேண்டுவது. பெரியாழ்வாருக்கோ தெய்வமே குழந்தை. அவர் திருமொழியில் தாலாட்டும் செங்கீரையும் சப்பாணியும் அம்புலியும் நிறைந்திருப்பதில் வியப்பென்ன? எத்திவ்யதேசத்தில் சேவாகாலம் தொடங்கினாலும் திருப்பல்லாண்டே முதலில் வருகிறது. மதுரையின் வீதியில் ஒரு தாயுள்ளம் பட்ட அச்சம், நாடெங்கும் நித்தியானுஸந்தானமாகிவிட்டது.

மற்றொரு கரை, மடல். காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, தலைவியின் உருவத்தை எழுதிய படத்தைக் கையில் ஏந்தி, ஊரறிய வீதியில் வருவது மடலேறுதல். நாணத்தைத் துறந்த கடைசி வழி அது. பெண்கள் மடலேறுதல் மரபன்று என்று தொல்காப்பியம் விலக்கிவிட்டது. திருமங்கையாழ்வார் நாயகி நிலையில் நின்று, சிறியதும் பெரியதுமாக இரண்டு திருமடல்களை அருளினார். விதி தெரியாமலா? பெரிய திருமடலில் அவரே அவ்விதியைக் குறிப்பிடுகிறார். தமிழ்நெறியில் மாதர் மடலூரமாட்டார் என்பதைக் கேட்டிருக்கிறோம், அதனை ஏற்கமாட்டோம், வடநெறியையே விரும்பினோம் என்று சொல்லி, சீதையையும் உலூபியையும் உஷையையும் சான்றுக்கு அழைக்கிறார். விதியை அறிந்து, அதனைச் சபையில் எடுத்துரைத்து, அதன்பின் மீறுவதில் உள்ள ஆவேசத்தை விதியறியாதவர் எவ்வாறு உணர்வார்? அகப்பொருள் மரபையே தன் ஆற்றாமைக்கு முன் துரும்பாக்கிவிட்டார் கலியன்.

இவற்றையெல்லாம் விட எளியது உவமை என்று நினைக்கிறோம். தாமரை போன்ற முகம் என்றால் உவமை. முகமாகிய தாமரை என்று ஒன்றாக்கிவிட்டால் உருவகம். இது சிறுபிள்ளைகளும் அறிந்தது. ஆனால் அழகர் திருமுன் சென்றால் இந்த எளிய உவமையும் திகைத்து நிற்கிறது. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமாலிருஞ்சோலைமலையை இரண்டாம் பத்தின் முடிவில் பாடிய நம்மாழ்வார், மூன்றாம் பத்தின் தொடக்கத்தில் அந்த அழகரின் வடிவழகில் ஆழ்ந்துபோகிறார் என்பது பூர்வாசார்யர்கள் காட்டும் தொடர்ச்சி. அங்கே முதலில் ஆழ்வாருக்கு எழுவது ஓர் ஐயம். கிரீடத்தின் ஒளி முகத்தில் வீசுகிறதா, முகத்தின் ஒளிதான் கிரீடமாக மலர்ந்ததா? அடிகளின் ஒளிதான் தாமரைப் பீடமாக விரிந்ததா? இதனை ஐயவணி என்பர் நூலோர்.

அணி என்ற சொல்லுக்கே ஆபரணம் என்பது பொருள். நமக்கு நகை அழகு தருகிறது. பாட்டுக்கு அணி அழகு தருகிறது. அழகருக்கோ திருமேனி ஆபரணத்துக்கு அழகு தருகிறது. அப்படியிருக்க, அவனைப் பாடும் பாட்டில் அணி என்ன செய்யும்? அடுத்த பாட்டிலேயே ஆழ்வார் கை விரித்துவிடுகிறார். தாமரை உன் கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் ஒப்பாகாது. நெருப்பிலிட்டுத் தெளிந்த பொன்னும் உன் மேனிக்கு ஒப்பாகாது. உலகத்தார் ஒப்பிட்டுப் புகழும் புகழ்ச்சியெல்லாம் உனக்குக் குறைவையே உண்டாக்கும் என்கிறார். உவமையை நன்கு அறிந்தவர் ஒருவர் உவமையைக் கீழே வைக்கும் இடம் இது. முதலிலிருந்தே உவமை தெரியாதவன் மௌனமாக இருப்பதற்கும், சொல்லிச் சொல்லிப் பார்த்து முடியாமல் ஆழ்வார் நிறுத்துவதற்கும் எவ்வளவு தூரம்!

அதே அழகருக்கு ஆண்டாள் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாச்சியார் திருமொழியில் அவள் மேகத்தைத் தூது விடுகிறாள்; குயிலைக் கூவச் சொல்கிறாள்; மணலில் வட்டமிட்டுக் கூடல் இழைத்துக் குறி பார்க்கிறாள். (கூடல் இழைத்தல் என்பதற்கும் நம் ஊரின் பெயரான கூடலுக்கும் முடிச்சுப் போடுவார் உண்டு. அது வேறு, இது வேறு.) ஒன்பதாம் திருமொழியில், திருமாலிருஞ்சோலை எம்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்ததாகச் சொல்கிறாள். தடா என்பது பெரும்பானை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசித்தோட்டம் காத்த ஒருவரின் இளம்பெண்ணிடம் நூறு பானை வெண்ணெய்க்கு ஏது வழி? அணி நூலைக் கற்றவன் ‘இது உயர்வு நவிற்சி, காதல் மிகுதியில் சொல்லும் மிகைக்கூற்று’ என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான்.

ஆண்டாளுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே, 1017இல் அவதரித்த உடையவர் அப்படிப் போகவில்லை. அவர் அதை நிறைவேறாமல் நிற்கும் நேர்த்திக்கடனாகக் கண்டார். திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் உண்மையாகவே ஸமர்ப்பித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, தன் சொல்லை நிறைவேற்றியவரை ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது ஐதிஹ்யம். கோயில் அண்ணன் என்னும் திருநாமம் அவருக்கு அதனால் வந்தது. உடையவர் அணியிலக்கணம் அறியாதவர் என்று யார் சொல்லத் துணிவார்? வேதாந்தத்துக்கு பாஷ்யம் செய்தவர், எது அலங்காரம், எது வாக்கு என்று பிரித்தறிந்தார். ஆடவரான அவரை அண்ணனாக்கிய உறவும், மேலே சொன்ன அதே முதற்கேள்வியிலிருந்து வந்ததுதான். பேசுகிறவள் யார்? புலமை காட்ட வந்த கவியல்லள். அவன் கை பற்றுவதற்காக எதையும் நேர்ந்துகொள்ளும் பெண்.

இவ்வளவும் எழுதியபின் அடியேனுக்கே ஓர் அச்சம். இந்தப் பெயர்களையெல்லாம் கற்றுக்கொண்டு, பாசுரந்தோறும் ‘இது இன்ன அணி, இது இன்ன துறை’ என்று சீட்டு ஒட்டிக்கொண்டே போகும் பழக்கமும் நம்மவரிடம் உண்டு. அடியேனுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு என்றே அழகர்மலையில் ஓர் எச்சரிக்கை எழுதி வைத்ததுபோல் பாடியிருக்கிறார் நம்மாழ்வார். பத்தாம் பத்தில் அம்மலையை மீண்டும் பாடும்போது, செவ்விய சொற்களால் கவி செய்யும் புலவர்களை அழைத்து, உயிரைக் காத்துக்கொண்டு பாடப் புகுங்கள் என்கிறார். திருமாலிருஞ்சோலையில் இருப்பவன் வஞ்சக் கள்வன். கவி பாட வந்தவரின் நெஞ்சுக்குள்ளும் உயிருக்குள்ளும் கலந்து, அவர்கள் அறியாதபடியே அவற்றை உண்டுவிட்டுத் தானே நிறைந்து நிற்பான் என்கிறார். எச்சரிப்பவர் தப்பித்தவர் அல்லர். முழுவதும் களவு கொடுத்தவர்! பட்டவரின் வாக்காகவே அந்த எச்சரிக்கை நமக்கு வந்து சேருகிறது.

சென்ற திருநாளில் அந்த முதியவரைக் கண்டு, கோயில் மண்டபத்தின் நிழலில் அமர்ந்து இவற்றையெல்லாம் சொன்னேன். தாய், தோழி, மகள் என்ற மூவரையும் தலையசைத்துக் கேட்டார். நாதமுநிகள் கதையில் கண் கலங்கினார். அழகர்மலைக் கள்வனைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அதனால்தானா சாமி, சித்திரையில் நம்மைப் பார்க்க வரும்போது கள்ளர் வேஷத்திலேயே வருகிறார்? திருட வருகிறவர், திருட வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிறாரோ?”

கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் திருக்கோலத்தில் வைகை நோக்கி எழுந்தருளும் அழகரை எத்தனையோ ஆண்டுகள் ஸேவித்திருக்கிறேன். இப்படி ஓர் உட்பொருள் அடியேனுக்குத் தோன்றியதே இல்லை. எந்த அணிநூலில் இதற்குப் பெயர் இருக்கிறது என்று தேடிச் சொல்வதாக அவரிடம் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, கோஷ்டி தொடங்கும் ஓசை கேட்டு உள்ளே சென்றார்.

அடியேன் ராமாநுஜதாஸன்.